காலிங்கராயன் வாய்க்காலை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: ஈரோடு பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமம் எங்களுடையது. எம்.ஏ. வரலாறு முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றிருக்கிறேன். வாய்க்காலின் வரலாற்றையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ள ஆசை. என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது மடை திறந்து அடைக்கும் ஊழியராக, இருந்தவர். மடை திறந்த நாள், அடைத்த நாள் எல்லாம் அவர் எழுதிவைத்த நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. எனக்கு நெறியாளராக இருக்க ஒப்புக்கொண்ட பேராசிரியரோ, "வட்டார வரலாறு எடுத்தால் வட்டாரத்தைத் தாண்ட மாட்டாய். தேசிய இயக்கத்தில் ஏதாவது எடு" என்கிறார். வீட்டில் "வேலை கிடைக்குமா?" என்பது ஒன்றுதான் கேள்வி. இதற்கு நடுவே ஊர்ப் பெரியவர் ஒருவர், வாய்க்காலை வெட்டியதாகச் சொல்லப்படும் காலிங்கராயன் தங்கள் குலத்தவர் என்று நிறுவி எழுதினால் புத்தகச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: வாய்க்காலையே எடுங்கள், அம்மணி. உங்கள் பேராசிரியர் பயப்படுவதில் நியாயம் உண்டு. அதற்கு அவர் சொல்லும் மருந்துதான் சரியில்லை.

வீட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு ஆண்டு என்று 2022-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி சொல்கிறது. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. 240 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு. கல்யாணப் பேச்சு எடுப்பவர்களிடம் இந்தக் கடைசி இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023 ஜூலையில் விதி மாறியது. நெட் இருந்தால் போதும், அது உங்களிடம் இருக்கிறது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அந்த நாற்காலிக்குப் போகும் வழிதான் நீளம். அரசுக் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அறிவிப்பு வருவது ஒரு காலம், தேர்வு நடப்பது இன்னொரு காலம். இடையில் கௌரவ விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் கழியலாம். தேசிய இயக்கம் எடுத்தவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். தலைப்பைப் பார்த்து யாரும் முன்னால் விடுவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வேலை கிடைத்த பிறகு வகுப்பில் நீங்கள் வாய்க்காலைப் பற்றிப் பேசப் போவதில்லை. பிரெஞ்சுப் புரட்சி, முகலாயர் நிர்வாகம், ஐரோப்பிய வரலாறு என்றுதான் பாடவேளை தருவார்கள். எம்.ஏ. குறிப்புகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் பேராசிரியரின் பயம். வட்டார வரலாறு என்ற பெயரில் வரும் ஆய்வேடுகள் பலவற்றுக்கு நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். முதல் இயலில் மாவட்டத்தின் எல்லை, மழையளவு, மண்வகை. இரண்டாவதில் சங்க காலம் தொட்டு நாயக்கர் காலம் வரை அரசர் வரிசை. மூன்றாவதில் கோயில்கள். கடைசியில் ஊருக்குப் பெருமை சேர்த்த பெரியவர்கள். கேள்வி என்று ஒன்று எந்தப் பக்கத்திலும் இருக்காது. ஊர்ப்பெயரை மாற்றினால் பக்கத்து மாவட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். இப்படி எழுதினால் உங்கள் பேராசிரியர் சொன்னதுதான் நடக்கும்.

கேள்வியோடு எழுதியவர்களைச் சொல்கிறேன். நொபுரு கராஷிமா என்ற ஜப்பானிய அறிஞர் 1966-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திருச்சிக்கு அருகே காவிரித் தென்கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகள், அவ்வளவுதான் அவர் எடுத்துக்கொண்டது. சோழர் காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது என்பது அவர் கேட்ட கேள்வி. பிரம்மதேயமான (பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரான) ஈசானமங்கலத்தில் தனியார் நிலவுடைமையும், சாதாரண ஊரான அல்லூரில் ஊரார் கூட்டாக வைத்திருந்த நிலமும் தெரிகின்றன என்று காட்டினார். இரண்டே ஊர்கள், அன்று தொடங்கிய வாதம் இன்றும் நடக்கிறது. வரலாற்றறிஞர் எ. சுப்பராயலு கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி, சோழ நாட்டின் 'நாடு'களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் ஏற்றினார். 1973-ல் அது நூலாக வந்தது. நாடு என்பது அரசன் கோடு போட்டுப் பிரித்த எல்லை அன்று, வேளாண் ஊர்கள் தாமே திரண்ட பகுதி என்ற முடிவு அந்தப் படங்களிலிருந்து பிறந்தது. அமெரிக்க ஆய்வாளர்களான டேவிட் லட்டன் திருநெல்வேலியை எடுத்தார், நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையை எடுத்தார். இருவரும் வட்டாரத்துக்குள் அடைபட்டுப் போகவில்லை என்பது உங்கள் பேராசிரியருக்கும் தெரியும். ஆர். சம்பகலட்சுமி டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு தென்னிந்திய நகரங்களையும் வணிகத்தையும் சமயத்தையும் பற்றியே எழுதிவந்தார்.

உங்கள் வாய்க்காலுக்கு வருவோம். பவானி ஆறு காவிரியில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் அணைக்கட்டு. அங்கிருந்து ஈரோடு வழியாகக் வாய்க்கால் கொடுமுடிப் பக்கம் போய் நொய்யல் ஆற்றில் சேர்கிறது. நீளம் சுமார் 90 கிலோமீட்டர். 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டினான், பாம்பு ஊர்ந்து காட்டிய தடத்தில் வெட்டியதால்தான் இத்தனை வளைவு என்பது ஊர் வழக்கு. யார் வெட்டினார், எந்த ஆண்டு வெட்டினார் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். வெட்டியது ஒரு காலம். அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் அது மண்மேடாகாமல் காத்தது யார்? தூர் வாருகிற வேலைக்கு யார் வீட்டிலிருந்து ஆள் போனது, யார் வீட்டிலிருந்து போகவில்லை? நிலம் உள்ளவன் தண்ணீர் எடுத்தான். மண் சுமந்தவனுக்கு நிலம் இருந்ததா? கொங்கில் பண்ணையத்தில் கட்டுப்பட்டிருந்த அருந்ததியர் குடும்பங்களை விட்டுவிட்டு இதற்கு விடை சொல்ல முடியாது.

ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரிப்பதைக் குடிமராமத்து என்று நாம் இன்று பெருமையாகப் பேசுகிறோம். அந்த வழக்கத்தை மீறினால் தண்டிக்க 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஊரார் மனமுவந்து செய்துவந்த வேலைக்கு எதற்காகச் சட்டம்? அந்த இடத்தில் தோண்டுங்கள். பொதுச் சொத்தை மக்கள் தாமே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். டேவிட் மோஸ் என்ற மானிடவியலாளர் பழைய இராமநாதபுரம் சீமையின் கண்மாய்களை வைத்து, ஊர்க் கூட்டுறவு என்று நாம் நினைப்பதற்குள் அதிகாரமும் சாதி மரியாதையும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று காட்டினார். அவர்களோடு உட்கார்ந்து பேச உங்களுக்கு ஒரு வாய்க்கால் இருக்கிறது.

சான்றுகள் எங்கே என்று கேட்பீர்கள். ஈரோடு மாவட்டம் என்ற பெயரில் தேடினால் பழைய ஆவணம் ஒன்றும் அகப்படாது. 1979-ல் பெரியார் மாவட்டம் பிரியும்வரை உங்கள் ஊர் கோயம்புத்தூர் மாவட்டம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளையும் பொதுப்பணித் துறைக் கோப்புகளையும் அந்தப் பெயரில் கேளுங்கள். முதல் வாரம் அட்டவணைத் தொகுதிகளோடே போகும். எண், தேதி, துறை மூன்றையும் சீட்டில் சரியாக எழுதாவிட்டால் வேறு கட்டு வந்து சேரும், அல்லது ஒன்றுமே வராது. பொறுமையிழந்து அன்றே வீட்டுக்குக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். கட்டை அவிழ்க்கும்போது ஓரம் பொடிந்து மேசையில் உதிரும். பக்கத்தை இரண்டு கையாலும் புரட்டுங்கள். கலெக்டர் எழுதிய ஆங்கிலக் கடிதத்தைப் படித்ததும் மூடிவிடாதீர்கள். அதன் பின்னால் ஊரார் கொடுத்த மனுவின் சுருக்கம் கோக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அகப்பட்டால் அது உங்களுக்குப் புதையல். ஆண்டு பசலியில் (பழைய வருவாய்த் துறை ஆண்டுக் கணக்கில்) இருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1290 என்றால் 1880 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் புக்கானன் 1800-ல் இந்தப் பகுதியில் பயணம் செய்து எழுதியதையும், ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் 1887-ல் வெளியிட்ட கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டையும் காப்பகத்துக்குப் போகுமுன்பே படித்துவிடுங்கள். கிராமக் கணக்குகளில் தமிழ் எண்ணும் பின்னமும் வரும். முக்காலும் அரைக்காலும் மாகாணியும் வாசிக்கத் தெரியாமல் பாசனக் கணக்கில் கைவைக்க முடியாது. ஊரில் பழைய கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) குடும்பம் இருந்தால் அந்த வீட்டுத் திண்ணையில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

அப்பிச்சியின் நோட்டுகளைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அட்டை முதல் கடைசி வெற்றுப் பக்கம் வரை ஒவ்வொன்றையும் படம் எடுத்து, மூன்று இடங்களில் சேமியுங்கள். பிறகு சந்தேகப்படத் தொடங்குங்கள். தாத்தா எழுதியது என்பதால் உண்மையாகிவிடாது. மடை திறந்ததாக அவர் எழுதிய நாளில் துறையின் பதிவேடு என்ன சொல்கிறது? எழுதாமல் விட்ட நாள்கள் எவை? கீழ்பவானி அணை 1955-ல் முடிந்த பிறகு பழைய ஆயக்கட்டுக்கும் (பாசனப் பரப்புக்கும்) புதிய ஆயக்கட்டுக்கும் தண்ணீர்ப் பங்கில் தீராத வழக்கு உண்டே. அந்தக் காலத்தில் லஸ்கருக்கு யாராவது நெருக்கடி கொடுத்தார்களா? அவரோடு வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருந்தால் அடுத்த வாரமே போய்ப் பேசுங்கள். காப்பகம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும், அவர்கள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுங்கள், நூலைத் தமிழில் எழுதுங்கள். முன்னதை மதிப்பிடுபவர் வேறு மாநிலத்தில் இருப்பார். பின்னதைப் படிக்க வேண்டியவர்கள் வாய்க்கால் கரையில் இருக்கிறார்கள். களத்தில் புதிய கல்வெட்டு கண்ணில் பட்டால், தஞ்சையிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் கொண்டுவரும் 'ஆவணம்' இதழுக்கு அனுப்புங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தரும் இதழ்களின் பக்கம் போகவே வேண்டாம். நேர்காணலில் உட்காருபவர்களுக்கு அவற்றின் பெயர் நன்றாகத் தெரியும்.

பெரியவரின் பணத்தை வாங்காதீர்கள். மரியாதையாக, சிரித்துக்கொண்டே, இன்றைக்கே மறுத்துவிடுங்கள். இழுத்தடித்தால் வாக்குக் கொடுத்ததாக ஊரில் பேச்சாகிவிடும். முடிவை முன்கூட்டியே விற்றுவிட்டு ஆய்வு செய்வது சரியில்லை என்பது ஒரு பக்கம். காலிங்கராயனுக்கு உரிமை கொண்டாடாத மற்ற குடிகளின் வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். ஆனால் அந்தப் பெரியவரை விட்டுவிடவும் கூடாது. அவரிடம் செப்பேட்டின் நகலோ, பட்டயமோ, பழைய வழக்குக் கட்டோ இருக்கும். இல்லாமல் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டார். வாங்கும் காகிதத்துக்குக் கையெழுத்துப் போட்ட ரசீது கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் கம்பெனி அதிகாரி மெக்கன்சி திரட்டிய கொங்குச் சுவடிகளோடு அவற்றை ஒப்பிட்டால், குலப் பெருமை எந்தக் காலத்தில் எப்படி எழுத்தாகிறது என்று தனியாக ஓர் இயலே எழுதலாம். நன்றியுரையில் அவர் பெயர் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

பேராசிரியரிடம் மறுபடி போகும்போது 'காலிங்கராயன் வாய்க்கால் வரலாறு' என்று சொல்லாதீர்கள். 'பாசனத்தில் கட்டாய உழைப்பும் அரசும்: கோயம்புத்தூர் மாவட்டம், 1858 – 1955' என்று ஒரு தாளில் எழுதி, கீழே ஐந்து கேள்விகளை மட்டும் போட்டுக் கொடுங்கள். வாய்க்காலின் பெயர் இரண்டாவது பத்தியில் வந்தால் போதும். இதற்கும் அவர் தலையாட்டவில்லை என்றால், பல்கலைக்கழகத்தில் பதிவு செய்வதற்கு முன்பே வேறு நெறியாளரைத் தேடிக்கொள்ளுங்கள். பதிவு ஆன பிறகு மாறுவதென்றால் பெரும்பாலும் பழையவர், புதியவர் இருவருடைய கையெழுத்தும் வேண்டியிருக்கும். அவற்றை வாங்குவதற்குள் உங்கள் உதவித்தொகையில் ஓராண்டு கரைந்துவிடும்.