அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்தையே தொடாத லைன்மேன் எப்படி நல்ல கமென்டேட்டர் ஆக முடியும்?

நியாயமான டவுட்தான். அமெரிக்கன் ஃபுட்பால்ல ஆஃபென்சிவ் லைன்ல நிக்கிறவங்க முக்கிய வேலையே பந்த எறியற குவார்ட்டர்பேக் மேல எவனும் வந்து விழாம தடுக்கறதுதான், பந்து பெரும்பாலும் கைக்கு வராது, கேமராவும் இவங்கள பெருசா கண்டுக்காது. ஆனா லைன்மேனா ஆடிட்டு கமென்டேட்டர் ஆன டான் டியர்டார்ஃப எடுத்துக்கோங்க. மிச்சிகன் யுனிவர்சிட்டில ஆடிட்டு 1971ல செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமுக்கு வந்தவர், 1983 வரைக்கும் அங்கயேதான். 1975 சீசன்ல 14 மேட்ச்ல அவங்க குவார்ட்டர்பேக் சேக் ஆனது, அதாவது பந்த எறியறதுக்குள்ள எதிராளி பிடிச்சு கீழ தள்ளுனது, வெறும் 8 தடவ, அப்போ அது லீக் ரெக்கார்டு.

இந்த வேலைக்கு உடம்பு மட்டும் பத்தாதுங்க. எதிர்ல குனிஞ்சு நிக்கிறவன் தரையில ஊன்றியிருக்க கைய பாக்கணும், விரல் முட்டி வெளுத்துப்போய் இருந்தா வெயிட்ட முன்னாடி போட்டிருக்கான், பாய்ஞ்சு வரப்போறான்னு அர்த்தம், அதுக்குள்ள அவனுக்கு பின்னாடி ரெண்டாவது வரிசைல நிக்கிற லைன்பேக்கர் நைசா நகர்றானான்னும் ஒரு கண்ணு வேணும், இதெல்லாம் பந்து நகர்றதுக்கு முன்னாடி சில செகண்ட்ல. பல வருஷம் இப்படி பாத்து பழகுனவர் மைக் முன்னாடி உக்காந்தா, ஒரு ப்ளே ஏன் சொதப்புச்சுன்னு ரீப்ளே வரும்போதே பிரிச்சு மேய்ஞ்சிடுவார்.

1987ல ஏபிசி டிவியோட மண்டே நைட் ஃபுட்பால் நிகழ்ச்சிக்கு கமென்டேட்டரா போனார், 1999ல இருந்து சிபிஎஸ் டிவி, 2013 சீசனோட டிவிய விட்டுட்டு 2021 சீசன் வரைக்கும் மிச்சிகன் மேட்சுகளுக்கு ரேடியோ கமென்டரி. கொஞ்சம் ஓவரா பேசுவார்தான், எனக்கே சில நேரம் போதும்டா சாமின்னு இருக்கும். பெரிய ஆட்டக்காரங்கள கௌரவிக்கிற ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல அவர 1996ல சேத்தாங்க, அது இருக்கறது ஓஹையோ கேன்டன்ல, அவர் பொறந்ததும் அதே ஊர்லதான்.