மும்பையின் பழைய கடைத்தெருக்களில் உயரமான கட்டடங்கள் வந்தால் அந்தத் தெருக்களின் வாழ்க்கை என்ன ஆகும்?

கேள்வி கேட்டவருக்கு அந்தப் பக்கம் ஒரு கடையோ வாடகை அறையோ இருக்கிறது, பழைய கட்டடத்தை இடித்துக் கட்டச் சம்மதக் கையெழுத்து கேட்டு பில்டரின் ஆள் வீடு தேடி வந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றாலும் பரவாயில்லை, அப்படி நினைத்தே எழுதுகிறேன். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் ஒருவர் நாடு வளர வேண்டாமா என்று கேட்கிறார், இன்னொருவர் பழைய மரப் பால்கனிப் படங்களைப் போட்டு வருத்தப்படுகிறார். இரண்டு பேருமே அந்தச் சந்துகளில் ஷட்டரைத் தூக்கிவிட்டு போனிக்குக் காத்திருந்தவர்கள் மாதிரி தெரியவில்லை.

என்னைக் கேட்டால் எத்தனை மாடி என்பது பெரிய விஷயமே இல்லை. தரைத்தளத்தில் என்ன வைக்கிறார்கள், யாரைக் கணக்கில் சேர்க்கிறார்கள், இந்த இரண்டைப் பாருங்கள். எங்களுக்கு இரண்டிலும் அடி.

எங்கள் கடை நாக்தேவி தெருவுக்கும் பேண்டி பஜாருக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்தது. டூல்ஸ் கடை. ட்ரில் பிட், இரும்பில் மரை வெட்டும் டேப், டை, ஹாக்ஸா பிளேடு, ஸ்பேனர், இந்த மாதிரிச் சரக்கு. வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து ஒரு போரா (குஜராத்தி முஸ்லிம் வியாபாரச் சமூகம்) சேட்டின் கடையில் பல வருஷம் நின்று வேலை பார்த்து, உம்மாவின் நகையை விற்று, ஊரில் கடனும் வாங்கி, பக்டி கொடுத்து எடுத்த கடை. எட்டடி அகலம், உள்ளே பத்தடிதான் போகும். ஆனால் அந்த எட்டடியும் தெருவைப் பார்த்து இருந்தது, அதுதான் எங்கள் சொத்து.

பக்டி என்றால் மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஒரு பெருந்தொகையை முதலிலேயே கொடுத்துவிட்டு வாடகைதாரராக உட்காருவது, அப்புறம் மாத வாடகை பேருக்குத்தான். உரிமையை இன்னொருவருக்கு மாற்றும்போது வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு போகும். 1947 வாடகைச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1940 அளவிலேயே நிறுத்தி வைத்ததால் வளர்ந்த ஏற்பாடு இது; 1999 சட்டம் வந்த பிறகுதான் பக்டி வாங்குவதே சட்டப்படி சரி என்று ஆனது. எங்கள் மாத வாடகை 180 ரூபாய். அந்தப் பணத்தில் எந்த வீட்டுக்காரர் சுவரைப் பூசுவார்? அதனால் 1969-ல் ஒரு சட்டம் போட்டு, கட்டடங்களிலிருந்து செஸ் என்ற வரி வசூலித்து அரசு வாரியமே பழுதுபார்க்கும் என்றார்கள். செஸ் பில்டிங் என்று மும்பையில் சொல்வது இவற்றைத்தான். நடைமுறையில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் மரத்தூண் முட்டுக் கொடுத்ததோடு பழுதுபார்ப்பு முடிந்தது, அந்த முட்டுக்கே வயதாகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "பழையது எல்லாம் பொன் என்று பேசுகிறான்" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். நான் அப்படிப் பேசவில்லை. 2017 ஆகஸ்ட் 31 காலையில் பாக்மோடியா தெருவில் ஹுசைனி பில்டிங் இடிந்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் சந்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். அன்றைக்கு எங்கள் பில்டிங்கில் மேலே குடியிருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்து நின்றார்கள். ஒரு மாடிக்கு ஒரு கக்கூஸ், விடிகாலையில் கொஞ்ச நேரம் தண்ணீர், இதில் வாழ்ந்தவர்களிடம் போய்ப் பழமையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் குடும்பங்களுக்கு இன்றைக்கு லிஃப்ட் இருக்கிறது, கதவு பூட்டிக் குளிக்கச் சொந்தக் குளியலறை இருக்கிறது. அது நல்லது, முழு மனதோடு சொல்கிறேன்.

ஆனால் கடைத்தெரு எப்படி வேலை செய்தது என்று கட்டடம் வரைந்தவர் யாரும் வந்து பார்க்கவில்லை. குர்லாவிலிருந்தோ சாக்கிநாக்காவிலிருந்தோ ஒரு ஃபிட்டர் உடைந்த டேப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். மெஷின் நின்று கிடக்கும், முதலாளி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார். அதே சைஸ், மரையின் அதே பல் கணக்கு எங்களிடம் இல்லையென்றால் பையன் எதிர்க்கடைக்கு ஓடுவான், அங்கே இல்லையென்றால் மூன்றாவது கடை. பில் எல்லாம் கிடையாது, ஜாங்கட்டில் எடுத்து வருவோம், விற்றால் சாயங்காலம் பணம், விற்காவிட்டால் சரக்கைத் திருப்பிக் கொடுப்போம். ஃபிட்டர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சாமான் கையில் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னக் கடை. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எதிரும் புதிருமாக இருந்ததால் மொத்தச் சந்தும் ஒரே கிடங்காக இருந்தது.

அதை நடத்தியவர்களில் பாதிப் பேர் பெயர் எந்த ரசீதிலும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே டீ போட்டவர். எங்கள் கடையை ஒட்டிய திண்ணையில் சாவி செய்த பெரியவர், அவருடைய அரம் எங்களிடம் வாங்கியது, எங்கள் கல்லாப்பெட்டிக்குச் சாவி அவர் செய்தது. மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் டிரான்ஸ்போர்ட் கிடங்கிலிருந்து ஹாத்காடி என்ற கைவண்டி இழுத்து வந்த ஹமால்கள், அதாவது சுமைதூக்கிகள். பெட்டியில் என்ன சரக்கு, எந்தக் கடையில் ஷட்டர் எப்போது திறக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-ல் மத்தியச் சட்டமே வந்தது. ஆனால் ஒரு கட்டடத்தை இடித்துக் கட்டும் ஒப்பந்தத்தில் வாடகை ரசீது வைத்திருப்பவர் மட்டும்தான் மனிதர்.

எங்கள் கட்டடத்தையும் இடித்துக் கட்ட பில்டர் வந்தார், நாங்கள் காலி செய்தோம். கட்டி முடிக்கப் பல வருஷம். இடைக்கால வாடகை தருவதாகச் சொன்ன பில்டர் நடுவில் நிறுத்திவிட்டார், கேட்டால் அனுமதி வரவில்லை, பேங்க் லோன் நின்றுவிட்டது என்றார். அந்த வாடகையை நம்பி வேறு இடத்தில் கடை எடுத்திருந்த ஒருவர் சரக்கை எடைக்குப் போட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். அந்த பில்டர் பெயரை இங்கே எழுத மாட்டேன், வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது புதுக் கட்டடத்தில் எங்களுக்குக் கடை இருக்கிறது. கார்பெட் ஏரியா, அதாவது சுவருக்குள் இருக்கும் தரைப்பரப்பு, சதுர அடி கணக்குப்படி சரி, ஒரு அடிகூடக் குறையவில்லை. ஆனால் முதல் மாடியில், பின்பக்கம். சின்ன மனையில் பெரிய கட்டடம் என்றால் கார்களுக்கு இடம் வேண்டும், அதற்குப் போடியம் என்று கீழ் மாடிகள் போய்விடுகின்றன. கார் ஏற ராம்ப், தீயணைப்பு வண்டிக்குத் திறந்தவெளி, டிரான்ஸ்ஃபார்மர் அறை, குடியிருப்புக்கு அலங்கார நுழைவாயில். இத்தனையும் போக முகப்பில் மிஞ்சியது ஒரே ஒரு பெரிய ஷோரூம், அதை பில்டர் விற்றுவிட்டார். விதி பரப்பளவைப் பற்றித்தான் பேசுகிறது, முகப்பு அகலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கிரீஸ் கறை படிந்த சட்டையோடு வரும் ஃபிட்டர் கேட்டில் செக்யூரிட்டியிடம் நின்று, ரெஜிஸ்டரில் பெயர் எழுதி, போன் நம்பர் கொடுத்து மேலே வர வேண்டும். எட்டு மி.மீ. ட்ரில் பிட் வாங்க யார் அதைச் செய்வார்? ஹாத்காடி உள்ளே வரக்கூடாது. சாவி செய்த பெரியவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. மும்ப்ராவில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. வாப்பா புதுக் கடையில் சில மாதம் உட்கார்ந்து பார்த்தார், வெளிச்சமும் ஏசியும் இருந்தும் பகல் முழுக்க யாரும் வராத அறையில் அவரால் இருக்க முடியவில்லை. மெயின்டெனன்ஸ் மட்டும் மாதம் ஆயிரக்கணக்கில் போகிறது. 180 ரூபாய் நியாயமில்லை என்று சொல்பவர்களிடம் நானும் சேர்ந்துகொள்கிறேன், ஆனால் வியாபாரத்தை எடுத்துவிட்டுச் செலவை மட்டும் ஏற்றுவது எந்த நியாயம்?

"அப்படியானால் பேண்டி பஜார் திட்டம்?" என்று கேட்பீர்கள். அது வேறு வகை, எங்கள் பில்டிங் அதில் இல்லை. போரா சமூகத்தின் சைஃபி புர்ஹானி அப்லிஃப்ட்மென்ட் டிரஸ்ட் 2009-ல் தொடங்கி, 16.5 ஏக்கரில் ஏறத்தாழ 250 கட்டடம், 3,200 குடும்பம், 1,250 கடை என்று மொத்தமாக எடுத்தார்கள். மொத்தமாக எடுத்தால் தெருவை அகலப்படுத்தலாம், கடைகளைத் தெருவைப் பார்த்தே வைக்கலாம். ஒற்றைக் கட்டடமாக இடித்தால் இரண்டுமே கஷ்டம். காலம் ஏராளமாக ஆகிறது, குறைகளும் சொல்கிறார்கள், இருந்தாலும் வழி என்று பார்த்தால் அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தெருவை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் உயர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையின் பழைய துணி மில் பகுதியான லோயர் பரேல் இருக்கிறது. 1982 மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் நலிந்து மூடின, 1991 நகரக் கட்டட விதியில் மில் நிலத்தை மாற்றிப் பயன்படுத்த வழி வந்தது, 2001-ல் அதைத் திருத்தியதும் ஆபீஸ் கோபுரங்கள் எழுந்தன. ரோடும் ஸ்டேஷன் படிக்கட்டும் மில் காலத்து அளவில் நின்றன. 2017 செப்டம்பர் 29-ம் தேதி பக்கத்திலிருக்கும் எல்பின்ஸ்டன் ரோடு (இப்போது பிரபாதேவி) ஸ்டேஷன் நடைபாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். எங்கள் பக்கமும் 2002-ல் ஜே.ஜே. மேம்பாலம் வந்தபோதே வழிப்போக்கு வாடிக்கையாளர் குறைந்தார், மேலே பறக்கிறவருக்குக் கீழே கடை இருப்பது தெரியாது. நெரிசல் குறைந்தது என்று பாராட்டினார்கள், அதுவும் உண்மைதான்.

இதோடு சேராத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மும்பைத் தமிழன் என்று இந்தத் தளத்தில் எழுதினாலே அடுத்த கேள்வி தாதாக்களைப் பற்றி வருகிறது. பேண்டி பஜார் என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் பார்த்த பேண்டி பஜாரில் ரமலான் இரவில் மினாரா மஸ்ஜித் பக்கம் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருவார்கள், மற்ற பதினோரு மாதமும் மனிதர்கள் கணக்கு எழுதி, சரக்குப் பார்சல் கட்டி, கடன் வசூலிக்க அலைந்து பிழைப்பார்கள். வாப்பா மாதிரி ஆயிரக்கணக்கான தமிழர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு கேள்விகூட வருவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீடு இருக்கும் தாராவியிலும் இப்போது குடியிருப்பு 2000 ஜனவரி 1-க்கு முன்பு வந்ததா பின்பு வந்ததா என்று நிரூபிக்கக் காகிதம் தேடி அலைகிறார்கள், அதனால் முதலில் உங்கள் வாடகை ரசீதுகள், மின்கட்டண பில்கள், ஷாப் லைசென்ஸ் எல்லாவற்றையும் நகலெடுத்து வேறு வீட்டில் வையுங்கள். பில்டர் காட்டும் படத்தில் மரமும் நீரூற்றும் இருக்கும், அதை மூடி வைத்துவிட்டுத் தரைத்தள பிளானைக் கேளுங்கள். உங்கள் கடை எந்த மாடி, எந்தத் தெருவைப் பார்க்கிறது, வாடிக்கையாளர் கேட் தாண்டாமல் வர முடியுமா, சரக்கு இறக்க வண்டி எங்கே நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இடைக்கால வாடகைக்குப் பேங்க் கேரண்டி கேளுங்கள். எதிர்க்கடைக்காரர்களோடு சேர்ந்து கேளுங்கள், தனியாகப் போனால் உங்களைத் தனியாகவே மடக்கிவிடுவார்கள். டீக்கடைக்காரருக்கும் சாவிக்காரருக்கும் ஆளுக்கு நாலடி இடம் ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லிப் பாருங்கள், எங்கள் சொசைட்டியில் அதைக் கேட்க யாரும் முன்வரவில்லை. அப்புறம், கட்டடம் நிற்கும்போதே ஒரு அளவு நாடா எடுத்து உங்கள் கடை முகப்பின் அகலத்தை அளந்து, அளக்கும்போது போட்டோவும் எடுத்து, அந்த அடிக்கணக்கைப் பதிவு செய்யும் ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியாவுக்குப் பக்கத்திலேயே எழுத வையுங்கள். இடித்த பிறகு அதை நிரூபிக்க முடியாது.