அக்கா மகனுக்கு ஆர்சனல் ஜெர்சி: எந்தப் பெயர் போடலாம்?

அக்கா மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஆர்சனல் கால்பந்து கிளப்பின் ஜெர்சி வாங்கப் போவதாகவும், பெயர் போட்ட ஆட்டக்காரர் அடுத்த வருஷமே கிளப் மாறிவிடுவாரோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான் அண்ணே. ஸ்மித் ரோ ஆர்சனல் அகாடமியிலேயே வளர்ந்தவர், 10ஆம் எண் போட்டவர். 2024இல் ஃபுல்ஹம் கிளப்புக்குப் போய்விட்டார். அவர் பெயர் போட்ட ஜெர்சி இன்னும் என் அலமாரியில் தொங்குகிறது.

ஆள் இருந்தாலும் எண் மாறும். மார்ட்டினெல்லி 35ஐ விட்டு 11க்கு வந்தார், சலீபா 12ஐ விட்டு 2க்கு. பள்ளிக்கூடப் பையன்கள் இதையெல்லாம் சும்மா விடமாட்டார்கள்!

என்னைக் கேட்டால் சாக்கா, 7ஆம் எண். ஏழு வயதிலேயே கிளப்புக்குள் வந்த பிள்ளை. வலது ஓரத்திலிருந்து இடது காலுக்குப் பந்தை மாற்றி உள்ளே வெட்டுவார். அது வரும் என்று தெரிந்தும் தடுக்க முடியாமல் நிற்பார்கள். நடுக்கள ஆட்டக்காரர் ரைஸ் அணிக்கு முதுகெலும்பு, ஆனால் பத்து வயதில் யாருக்கு அது புரியும்? முன்கள ஆட்டக்காரர் ஹாவெர்ட்ஸ் பற்றி மட்டும் என் வாயைக் கிளறாதீர்கள்.

சிங்கப்பூர் குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். அப்புறம், ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள்.