வாசகர் கேள்விகள்: கணினிப் பாட்டும் வீட்டு ஸ்டீரியோவும்

லேப்டாப்பில் சேர்த்து வைத்திருக்கும் திருப்புகழ்ப் பாடல்களைப் பழைய ஆம்ப்ளிஃபையரில் கேட்க ஆசை. அதன் பின்பக்கம் ஒரே மாதிரி துளைகள் ஏகப்பட்டவை இருக்கின்றன. எதில் செருகுவது?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

ஒரே ஒரு ஒயர் போதும். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பிளக். சின்ன பிளக்கில் கறுப்பு வளையம் இரண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றுதான் இருந்தால் அது மோனோ, வேண்டாம். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் (மேசைக் கணினியானால் பின்புறத்து வெளிர்பச்சைத் துளையில்) ஒரு முனையைச் செருகுங்கள். மறுமுனை ‘ஆக்ஸ்’, ‘சிடி’, ‘டேப் இன்’ இவற்றில் எதில் போனாலும் சரி. சிவப்பு வலப்பக்கம்.

‘ஃபோனோ’ என்று எழுதியிருக்கும் துளையை மட்டும் தொடாதீர்கள். அது இசைத்தட்டுக் கருவிக்கு உரியது. இசைத்தட்டின் ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட். கணினி தருவதோ ஏறக்குறைய 1 வோல்ட், அதாவது 200 மடங்கு. போதாக்குறைக்கு, ஃபோனோ பகுதி அடித்தொனியை ஏற்றி மேல்தொனியைக் குறைக்கும்படி கட்டப்பட்டது. பாட்டு கரகரத்து, கொழகொழவென்று கேட்கும். ‘ரெக் அவுட்’, ‘டேப் அவுட்’ இரண்டும் வெளியே அனுப்பும் துளைகள். அவற்றில் செருகினால் சத்தமே வராது.

லேப்டாப்பின் ஒலியளவை 80 சதவீதத்துக்கு மேல் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையர் குமிழை அடியிலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். மாற்றிச் செய்தால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடினால் முதலில் ஆர்சிஏ பிளக்குகளைத் துளைக்குள்ளேயே நாலைந்து முறை திருகிப் பாருங்கள். டர்பன் கடற்காற்றில் அந்த உலோகம் பூத்துப்போவது சகஜம்.

எல்லாம் சரியாக இணைத்தாயிற்று. ஆனால் பாட்டுக்குப் பின்னால் ‘உம்ம்ம்’ என்று ஓயாத உறுமல். ஒயரை மாற்றியும் போகவில்லை.
– வாசகர், ஃபீனிக்ஸ்

ஒயர்மேல் பழியில்லை. பாட்டை ஓடவிட்டு, லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் எர்த் சுற்று. லேப்டாப் சார்ஜர் வழியாகவும், ஆம்ப்ளிஃபையர் வேறொரு வழியாகவும் எர்த்தைத் தொடுகின்றன. நடுவே உங்கள் ஒலி ஒயரின் வெளிக்கவசம் இரண்டையும் இணைத்து வளையமாக்கிவிடுகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டத்தை ஆம்ப்ளிஃபையர் பெருக்குகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100 ஹெர்ட்ஸில் கேட்கிறது.

‘என் ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு பின்தானே, எர்த்தே கிடையாதே’ என்பீர்கள். அதே ஆம்ப்ளிஃபையரில் டிஎஸ்டிவி (செயற்கைக்கோள் டிவி) டிகோடரும் இணைந்திருக்கிறதா? அடுக்குமாடிக் கட்டடத்தில் பொதுவாக வைத்த டிஷ்ஷின் கேபிள் எர்த்தைக் கொண்டுவந்து சேர்க்கும். டிகோடரின் பின்னால் அந்தக் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

முதலில் எல்லாக் கருவிகளையும் சுவரில் ஒரே சாக்கெட்டிலிருந்து, ஒரே மல்டிபிளக் வழியாக ஓட்டுங்கள். பல வீடுகளில் இதுவே போதும். போகாவிட்டால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ வாங்கி ஒலி ஒயரின் நடுவே போடுங்கள். உள்ளே இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒலி கடக்கும், எர்த் கடக்காது. மிக மலிவானது வேண்டாம், மிருதங்கத்தின் தொப்பி ஒலி (அடித்தொனி) மெலிந்துவிடும். கணினியிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அதைவிடச் சிறந்த வழி இல்லை: ஒளிதான் போகிறது, மின் தொடர்பே கிடையாது. யூஎஸ்பியில் செருகும் சவுண்ட் கார்டு மட்டும் வாங்கினால் தீருமென்று நம்ப வேண்டாம். யூஎஸ்பி ஒயரிலும் அதே எர்த் தொடர்கிறது.

சிலர் சார்ஜர் பிளக்கின் தடித்த மூன்றாவது பின்னை அறுத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமல் நிற்கும்தான். ஆனால் சார்ஜருக்குள் ஏதாவது பழுதானால் 230 வோல்ட் ஆம்ப்ளிஃபையரின் இரும்புக் கூட்டுக்கே வந்து நிற்கும். அதைத் தொடப்போவது உங்கள் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

எங்கள் மியூசிக் சென்டரில் ரேடியோவும் கேசட்டும்தான். ‘ஆக்ஸ்’ துளையே இல்லை. அதிலுள்ள ஹெட்ஃபோன் துளையில் இணைக்கலாமா?
– வாசகர், டோங்காட்

கூடாது. அது வெளியே அனுப்பும் துளை. கேசட் பகுதி ஓடுகிறதென்றால், காருக்கென்று விற்கும் கேசட் அடாப்டரைப் போட்டு, அதன் ஒயரை லேப்டாப்பில் செருகுங்கள். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும்) பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டு மந்தமாகும். டேப் தானாகத் திரும்பும் வகைக் கருவியில் அடாப்டர் பக்கம் மாறி மாறி ஓடித் தொல்லை தரலாம். அந்த வசதியை நிறுத்திவைக்கும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். கதவு ஒயரை நசுக்கினால், திறந்த நிலையில் ஓடுகிறதா என்று பாருங்கள்.