பதினான்கு வெள்ளி டப்பா எங்கே?

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். எவர்சில்வர் டப்பாக்களின் விலைப்பட்டியலில் வலப்பக்கம் போகப்போக அகலமும், கீழே போகப்போக உயரமும் கூடும். விலையும் அவ்வாறே ஏறும். வாடிக்கையாளர் சொல்லும் விலைக்குரிய டப்பாவைக் காட்ட, படிவம் ஐந்தில் பயிலும் என் மகள் பைனரி தேடல் முறையில் (ஏறுவரிசையில் உள்ள எண்களின் நடுவில் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிக்கொண்டே போகும் முறை) ஒரு புரோகிராம் எழுதினாள். பட்டியலில் உள்ள 14 வெள்ளி (ரிங்கிட்) விலையை அது ‘இல்லை’ என்கிறது. பட்டியலின் ஒரு பகுதியை இணைத்துள்ளேன். பிழை எங்கே?
– வாசகர், பினாங்கு

பதில்: மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள், பைனரி தேடலுக்கு வேண்டிய ஒழுங்கு உங்கள் பட்டியலில் பாதிதான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நான்கு வரிசைகள்: 3, 7, 12, 18; 5, 9, 15, 21; 8, 14, 17, 26; 11, 16, 22, 30. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 16 எண்களாகக் கொடுத்தால், பைனரி தேடல் எட்டாவது எண்ணான 21ஐ முதலில் பார்த்து, 14 அதைவிடச் சிறியது என்பதால் பின்பாதி முழுவதையும் தள்ளிவிடுகிறது; தேடும் 14 பத்தாவது இடத்தில், தள்ளிய அந்தப் பாதியில்தான் கிடக்கிறது.

தேடலை வலது மேல் மூலையில் தொடங்கச் சொல்லுங்கள். அங்குள்ள 18 தன் வரிசையில் மிகப் பெரியது, தன் பத்தியில் மிகச் சிறியது. வித்தை முழுவதும் இதில்தான் இருக்கிறது. 18 நாம் தேடுவதைவிடப் பெரிது என்றால் அதற்குக் கீழுள்ளவை இன்னும் பெரியவை, ஆகவே அந்தப் பத்தியே வேண்டாம். இடப்பக்கம் நகர்ந்தால் 12. இது சிறியது, இதற்கு இடப்புறம் உள்ளவை இன்னும் சிறியவை என்பதால் முதல் வரிசை கழிகிறது. கீழிறங்கினால் 15, பத்தி போகிறது; இடப்பக்கம் 9, வரிசை போகிறது; அதன் கீழே 14. ஐந்தே ஒப்பீடுகள். இடது கீழ் மூலையிலும் இவ்வாறே தொடங்கலாம். இடது மேல் மூலையும் வலது கீழ் மூலையும் உதவாது. 3லிருந்து எப்பக்கம் போனாலும் விலை ஏறுவதாலும், 30லிருந்து எப்பக்கம் போனாலும் இறங்குவதாலும் எதையும் கழிக்க வழியில்லை.

20 வரிசையும் 15 பத்தியுமாக 300 விலைகள் இருந்தாலும் 34 ஒப்பீடுகளுக்கு மேல் ஆகாது. வரிசைக்கொரு பைனரி தேடல் என்றால் 80 வரை போகும். ஆனால் 3 வரிசை, 1000 பத்தி என்று பட்டியல் நீண்டுவிட்டால் நிலைமை தலைகீழ்: மூலை முறைக்கு 1002 வரை ஆகலாம், வரிசைக்குப் பத்தாக 30 ஒப்பீடுகளில் மகளின் பைனரி தேடலே முடித்துவிடும்.

ஒரே விலையில் இரண்டு டப்பாக்கள் இருக்கலாம் அல்லவா? 14 கிடைத்ததும் நின்றுவிடாமல், அந்த வரிசையையும் பத்தியையும் சேர்த்தே கழித்துவிட்டு மேலும் தேடச் சொல்லுங்கள். உயரமானது ஒன்று, அகலமானது ஒன்று என இரண்டையும் வாடிக்கையாளர் முன் எடுத்து வைக்கலாம்.