வாசகர் கேள்வி: ஊதிப்போன ஜெல்லும் ஒரு கைப்பிடி உப்பும்

செந்தூல் வாசகி: அழுக்குத் துணியோடு குழந்தையின் பம்பர்ஸும் வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. துணியெல்லாம் வழவழவென்று ஜெல். இன்னொரு தடவை அலசினால் போய்விடுமா?

போகாது. அது சோடியம் பாலிஅக்ரிலேட், பம்பர்ஸுக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைக்கும் பொடி. தண்ணீரில் கரையாது, இன்னும் ஊதும். துணிகளை வெளியே எடுத்து, குப்பைப் பைக்குள் ஒவ்வொன்றாக உதறுங்கள். வெயிலில் காயவைத்து மறுபடி உதறினால் மிச்சமும் பொடியாகக் கொட்டிவிடும். டிரம்மைக் கையால் வழித்தெடுங்கள். கதவு ரப்பரின் மடிப்பையும் வடிகட்டியையும் மறக்க வேண்டாம், ஜெல் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் உப்பு. காலி டிரம்மில் ஒரு கைப்பிடி சமையல் உப்பைப் போட்டு ஒரு தடவை ஓடவிடுங்கள். ஒட்டியிருக்கும் ஜெல் பிடித்த தண்ணீரை விட்டுச் சுருங்கிவிடும். உடனே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்; உப்பு தங்கினால் டிரம் அரிக்கும். வழித்த ஜெல்லைக் கழிவறையில் கொட்டாதீர்கள். குழாய்க்குள் ஊதி அடைத்துக்கொள்ளும்.

பட்டர்வொர்த் மாணவர்: பம்பர்ஸில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் பொடி தன் எடையைப் போல் 300 மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்று படித்தேன். குழாய்த் தண்ணீரில் அவ்வளவு வரவில்லை. பொடி கெட்டுவிட்டதா?

பொடியில் குறையில்லை, தம்பி. அந்தக் கணக்கு காய்ச்சி வடித்த நீருக்கானது. பொடியின் ஒவ்வொரு மணியும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே முடிந்த ஒரு வலை. சங்கிலி நெடுக கார்பாக்சிலேட் என்ற எதிர்மின்னூட்டமுள்ள அணுக்கூட்டங்கள், பக்கத்திலேயே நேர்மின்னூட்டமுள்ள சோடியம் அயனி. தண்ணீர் பட்டதும் எதிர்மின்கள் ஒன்றையொன்று தள்ள, சுருண்டு கிடந்த சங்கிலி விரிகிறது. வலைக்குள் சோடியம் அதிகம், வெளியே குறைவு. அதைச் சமன் செய்யத்தான் தண்ணீர் உள்ளே பாய்கிறது. குழாய்த் தண்ணீரைப் போல் வெளியிலும் உப்பு கரைந்திருந்தால் பாய வேண்டிய தேவை குறைந்துவிடும். கால்சியம் இன்னும் மோசம்: அதற்கு இரண்டு மின்னூட்டம், இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்து இறுக்கிவிடும். 0.9 சதவீத உப்புநீரில் 30 முதல் 60 மடங்குதான் கிடைக்கும். சிறுநீரும் உப்புநீர்தானே, பம்பர்ஸ் தயாரிப்பவர்கள் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

நீங்களே அளந்து பாருங்கள். ஆய்வுக்கூடத் தராசில் 0.2 கிராம் பொடி எடுத்து மெல்லிய துணிப்பையில் கட்டுங்கள். பை தாராளமாக இருக்கட்டும். காய்ச்சி வடித்த நீர், குழாய்த் தண்ணீர், 4.5 கிராம் உப்பு கலந்த நீர், ஒவ்வொன்றிலும் 500 மில்லி. அரை மணி நேரம் ஊறவைத்து, 10 நிமிடம் தொங்கவிட்டு, நிறுங்கள். பொடியில்லாத ஒரு பையையும் அதேபோல் நனைத்து நிறுத்து, அந்த எடையைக் கழிக்க வேண்டும். பலரும் விடுவது இந்தப் படிதான். விட்டால் துணி குடித்த தண்ணீரும் பொடியின் கணக்கில் சேர்ந்துவிடும். பொடியைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள், தூசி மூக்கில் ஏறும்.

செராஸ் வாசகர்: பம்பர்ஸ் ஜெல்லைக் கறிவேப்பிலைத் தொட்டியில் போடலாமா?

வேண்டாம். சோடியம் மண்ணுக்கு நல்லதல்ல. செடிக்கென்று பொட்டாசியம் வகை தனியாக விற்கிறார்கள். ஒரு லிட்டர் மண்கலவைக்கு 1 கிராம் போதும். 200 மில்லி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வேர் இருக்கும் ஆழத்தில் கலந்துவிடுங்கள். உலர்ந்த பொடியை அப்படியே அள்ளிப் போட்டால் முதல் நீரிலேயே ஊதிச் செடியை மேலே தள்ளும். உரம் கரைத்து ஊற்றினாலும் ஜெல் சுருங்கும், உரமும் உப்புதான். மழைச்சாரல் விழும் பால்கனியில் இது தேவையே இல்லை. கறிவேப்பிலை வேர் அழுகிவிடும்.

ஆயர் ஈத்தாம் வாசகி: பூச்சாடி அலங்காரத்துக்கு வாங்கிய ஜெல் முத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்துச் சுருக்கலாமா?

கூடவே கூடாது அம்மா. குழந்தைக்கு உப்பு மிகுந்தால் அதுவே உயிருக்கு ஆபத்து. வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். முத்து குடலுக்குள் பெரிதாகி அடைத்துக்கொள்ளலாம், எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வாந்தியோ வயிற்று வலியோ வரட்டும் என்று காத்திருக்காமல், முத்துப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.