முதுகுத்தண்டு இணைப்பு அறுவை முடிந்து 3 வாரம்: அப்பா எப்போது பால்வெட்டப் போகலாம்?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் அப்பாவுக்கு எல்4-எல்5 (கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்பு) இணைப்பு செய்து 3 வாரம் ஆகிறது, எப்போது வேலைக்கு விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். அறுவையில் வைத்த திருகாணியும் கம்பியும் தாங்கல் மட்டுமே. எலும்பு வளர்ந்து ஒட்டுவதுதான் உண்மையான இணைப்பு. அதற்கு 6 மாதம் முதல் 1 வருடம் வரை ஆகலாம். அதற்குள் குனிந்து, பாரம் தூக்கி, இடுப்பைத் திருப்பினால் திருகாணி தளரக்கூடும். பால்வெட்டில் இந்த மூன்றும் உண்டு. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே கத்தியை எடுக்கட்டும்.

இப்போதைக்கு நடைதான் மருந்து: 5 நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை, பிறகு மெல்லக் கூட்டலாம். எழும்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாக உருண்டு, ஒருக்களித்து, காலைக் கீழே விட்டுக் கையூன்றி எழும்ப வேண்டும். பீடி கூடவே கூடாது. நிக்கோட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். வர்மத் தடவலுக்கு நம் மாவட்டத்தில் மதிப்பு அதிகம்தான், ஆனால் இந்த முதுகில் இப்போது யாரும் கை வைக்க வேண்டாம்.

காயத்தில் கசிவோ 101 டிகிரி காய்ச்சலோ இருந்தால் அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் இரத்தக்கட்டாக இருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நரம்பு நசுங்கினால் அதைக் காப்பாற்ற மணிக்கணக்கு நேரம்தான் உண்டு.